திறந்தவெளிக் கச்சேரியில் இடிமழை

ஆடி மாதம் பிறந்துவிட்டால் திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதியில் இரவுகள் இசையால் நிறைந்துவிடும். பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலில் திருவிழா வாரக்கணக்கில் நடக்கும். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டை ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் கூழ் வார்த்தல், தீமிதி என்று விழாக்கள் வரிசையாக வரும். விழாவின் முடிவில் பெரும்பாலும் ஒரு தெருக்கூத்து, அல்லது கிதாரும் டிரம்ஸும் முழங்கும் ஓர் இன்னிசைக் கச்சேரி. ஊர்ப் பொதுத்திடலில் மேடை போடுவார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. தலைக்கு மேல் கூரையும் கிடையாது. சிப்காட் தொழிற்பேட்டையில் பகல் ஷிப்டு முடித்தவர்கள், குழந்தைகளை இடுப்பில் சுமந்த தாய்மார்கள், பாயும் தலையணையுமாக வந்த பாட்டிமார்கள் என்று திடல் நிரம்பிவிடும்.

இரவு எட்டு மணிக்குக் கச்சேரி. ஏழரை மணிக்கு மேற்கு வானத்தின் அடிவாரத்தில் ஓர் ஒளி வெட்டுகிறது. ‘வருமா, வராதா?’ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். ‘தூறல்தானே, பார்த்துக்கொள்ளலாம்’ என்று யாரோ சொல்ல, எல்லோரும் உட்கார்ந்தே இருக்கிறார்கள்.

மழையில் நனைவதால் யாருக்கும் பெரிய கேடு வந்துவிடுவதில்லை. ஆனால் மழையோடு நான்கு துணைகள் வருகின்றன: காற்று, மின்னல், ஈரத்தில் கசியும் மின்சாரம், கலைந்தோடும் கூட்டம். இவற்றுள் முதலிரண்டும் மழைக்கு முன்பே வந்துவிடும். எனவே, முதல் துளி விழுந்த பிறகு முடிவெடுக்கலாம் என்று காத்திருப்பவர்கள் காலம் கடந்தே முடிவெடுக்கிறார்கள். இது ஏன் என்பதை அறிவியல் வழியில் பார்ப்போம்.

கச்சேரி வேளையும் இடிமழை வேளையும்

சென்னை, திருவள்ளூர்ப் பகுதிக்குப் பெருமழை தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை என்பது நாம் அறிந்ததே. ஆனால் சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்யும் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இந்த மாதங்களில் மழை நாள் முழுவதும் பெய்வதில்லை. பகலெல்லாம் வெயில் கொளுத்தும்; மாலை அல்லது இரவில் இடியோடு ஒருமணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்துவிடும்.

காரணம் இதுதான். பகல் வெயிலில் உள்நாட்டு நிலப்பரப்பு நன்றாகச் சூடேறுகிறது. நண்பகலையொட்டி வங்கக் கடலிலிருந்து ஈரமான கடற்காற்று கரையேறுகிறது. மேற்கிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று வீசிக்கொண்டிருக்கிறது. இவ்விரண்டும் எதிர்ப்படும் இடத்தில் காற்றுக்குப் போக வேறு வழியில்லை, மேல்நோக்கி எழுகிறது. சித்தூர், நகரி, திருத்தணிப் பக்கத்து மலைகளும் காற்றை மேலே தள்ள உதவுகின்றன. இவ்வாறு பிற்பகலில் மேற்கே பிறக்கும் இடிமுகில்களை உயரத்தில் வீசும் மேற்குக் காற்று மெல்லக் கிழக்கே, கடற்கரையை நோக்கித் தள்ளிக்கொண்டு வருகிறது. அவை திருவள்ளூரையும் கும்மிடிப்பூண்டியையும் அடையும்போது மணி ஏழு, எட்டு, ஒன்பது என்று ஆகிவிடுகிறது. அதாவது, மைக் செட்காரர் ‘ஹலோ, ஹலோ’ என்று சோதிக்கும் அதே வேளை!

2023 ஆகஸ்டு 12-ஆம் நாள் சென்னையை அடுத்த கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடக்கவிருந்த ஏ. ஆர். ரகுமானின் திறந்தவெளி இசை நிகழ்ச்சி மழையால் தள்ளிவைக்கப்பட்டுச் செப்டம்பர் 10-ஆம் நாள் நடைபெற்றது. ஆகஸ்டு மாதத்து மாலை மழை ஊர்த் திருவிழா, பெருநகர நிகழ்ச்சி என்று வேறுபாடு பார்ப்பதில்லை.

முதலில் வருவது காற்று

ஓர் இடிமுகிலின் வாழ்நாள் எவ்வளவு? 1946, 1947 ஆண்டுகளில் அமெரிக்காவின் புளோரிடா, ஒகையோ மாநிலங்களில் விமானங்களை இடிமுகில்களுக்குள்ளேயே செலுத்தி ஒரு பெரும் ஆய்வு நடத்தினார்கள். பையர்ஸ், பிரஹாம் என்னும் அறிவியலாளர்கள் அதன் முடிவுகளை எழுதினார்கள். தனி இடிமுகில் ஒன்று பிறந்து, முதிர்ந்து, கரைய ஏறக்குறைய ஒருமணி நேரமே ஆகிறது என்பதும், அது மூன்று பருவங்களைக் கடக்கிறது என்பதும் அப்போது தெளிவாயின.

முதற்பருவத்தில் முகிலுக்குள் காற்று மேல்நோக்கி மட்டுமே பாய்கிறது. முகில் காலிபிளவர் பூவைப் போலப் புடைத்து உயர்கிறது. நம் நாட்டில் இது 15 கிலோமீட்டர் உயரம்வரைகூட வளரும். இரண்டாம் பருவத்தில், உள்ளே திரண்ட நீர்த்துளிகளையும் பனிக்கட்டித் துணுக்குகளையும் மேலெழும் காற்றால் தாங்க முடிவதில்லை. அவை விழத் தொடங்குகின்றன. விழும்போது சுற்றியுள்ள காற்றையும் கீழே இழுக்கின்றன. வழியில் துளிகளின் ஒரு பகுதி ஆவியாகிறது. நீர் ஆவியாக வெப்பம் வேண்டும் அல்லவா? அந்த வெப்பத்தைக் காற்றிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வது இதே முறையில்தான். குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி மிகுதி. ஆதலால் அது இன்னும் வேகமாகக் கீழே விழுகிறது.

குடத்து நீரைத் தரையில் கவிழ்த்தால் என்ன ஆகும்? நாலாபக்கமும் சிதறி ஓடும். முகிலிலிருந்து விழும் குளிர்காற்றும் தரையில் மோதி அப்படியே பரவி ஓடுகிறது. மழை பெய்யும் இடத்துக்குப் பல கிலோமீட்டர் முன்னதாகவே இந்தக் காற்று வந்துவிடும். சில நிமிடங்களில் வெப்பநிலை ஐந்து முதல் பத்துப் பாகை செல்சியஸ் குறைந்துவிடுவதும் உண்டு. மூன்றாம் பருவத்தில் முகில் முழுவதும் கீழ்நோக்கும் காற்றே நிறைந்து, மழை மெல்ல ஓய்கிறது.

திடலில் உட்கார்ந்திருப்பவருக்கு இது எப்படித் தெரியும்? புழுக்கமாக இருந்த இரவில் திடீரென்று மேற்கிலிருந்து ஜிலுஜிலுவென்று ஒரு காற்று. கூடவே மண்வாசனை. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்னும் பொருள் இந்த வாசனைக்கு ஒரு முக்கியக் காரணம். ஆஸ்திரேலிய அறிவியலாளர்களான பேர், தாமஸ் ஆகிய இருவரும் 1964-இல் மண்வாசனைக்குப் ‘பெட்ரிகோர்’ என்று பெயர் சூட்டினார்கள். ‘அப்பாடா, நல்ல காற்று!’ என்று நாம் மகிழும் அந்த நொடிதான் எழுந்திருக்க வேண்டிய நொடி. பக்கத்து ஊரில் பெய்துகொண்டிருக்கும் மழையின் முன்தூதன் அது.

காற்றின் எடை

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறக்குமோ இல்லையோ, மேடையின் பின்புறம் கட்டிய ஃபிளெக்ஸ் பேனர் பறக்கும். காற்று ஒரு பரப்பின்மீது தரும் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, தனக்கு நேராக நிற்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது ஏறத்தாழ நான்கு கிலோ எடைக்குச் சமமான விசையைச் செலுத்துகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் அது 17 கிலோவாகிறது. இருபதடி நீளம், பத்தடி உயரமுள்ள பேனரின் பரப்பு ஏறக்குறைய பதினெட்டரைச் சதுர மீட்டர். ஆகவே அதன்மேல் 300 கிலோவுக்கு மேற்பட்ட விசை பாய்கிறது! நாலு சவுக்குக் கழிகளும் கொஞ்சம் சணல் கயிறும் இதைத் தாங்குமா? மேடையின் மேற்கூரைத் துணி, ஷாமியானா, எல்.இ.டி. திரை ஆகிய எல்லாம் பாய்மரங்களே. பேனரில் ஆங்காங்கே காற்றுப் போக ஓட்டைகள் வெட்டி வைப்பது ஓரளவே உதவும். காற்று வலுக்குமுன் அதை அவிழ்த்துக் கீழே இறக்கிவிடுவதே சரியான வழி.

2011 ஆகஸ்டு 13-ஆம் நாள் அமெரிக்காவின் இண்டியானா மாநிலப் பொருட்காட்சியில் ஒரு திறந்தவெளி இசை நிகழ்ச்சிக்குப் பெருங்கூட்டம் காத்திருந்தது. இடிமழை வரும் என்ற எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. நிகழ்ச்சியை நிறுத்துவதா, நடத்துவதா என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். தேவைப்பட்டால் வெளியேற வேண்டியிருக்கும் என்று மேடையில் அறிவித்த ஒரு நிமிட அளவிலேயே, இடிமுகிலின் முன்காற்று மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வந்து மோதியது. மேடையின் மேற்கட்டுமானம் முழுவதும் கூட்டத்தின்மேல் சரிந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அடுத்த ஐந்தாம் நாள், ஆகஸ்டு 18 அன்று, பெல்ஜியம் நாட்டின் புக்கெல்பாப் இசை விழாவில் புயற்காற்றுடன் வந்த இடிமழையில் கூடாரங்களும் மரங்களும் சாய்ந்து ஐவர் உயிரிழந்தனர்.

இடி காதில் விழாத இடம்

முகிலின் மேற்பகுதியில், உறைநிலைக்குக் கீழான குளிரில், சிறு பனிப் படிகங்களும் மெத்தென்ற ஆலங்கட்டித் துணுக்குகளும் ஓயாமல் மோதிக்கொள்கின்றன. இலேசான படிகங்கள் நேர்மின்னேற்றம் பெற்று மேலே போகின்றன. கனமான துணுக்குகள் எதிர்மின்னேற்றத்துடன் கீழே தங்குகின்றன. இப்படிச் சேர்ந்த மின்னேற்றம் காற்றின் தடையை உடைத்துத் தரைக்குப் பாய்வதே நாம் அஞ்சும் மின்னல். அதன் மின்னோட்டம் ஏறத்தாழ 30,000 ஆம்பியர். நம் வீட்டு விளக்குக்கு ஓர் ஆம்பியர்கூடத் தேவையில்லை. மின்னல் பாயும் வழியிலுள்ள காற்று கண்ணிமைக்கும் நேரத்தில் 30,000 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாகி வெடித்து விரிகிறது. அந்த வெடிப்பின் ஓசையே இடி.

ஒளி உடனே வந்துவிடுகிறது. ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க மூன்று விநாடி எடுத்துக்கொள்கிறது. எனவே மின்னலுக்கும் இடிக்கும் இடையே உள்ள விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் மின்னல் விழுந்த இடத்தின் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். முப்பது விநாடி என்றால் பத்துக் கிலோமீட்டர். இடைவெளி முப்பது விநாடிக்குக் குறைந்தால் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆகும்வரை வெளியே வரக்கூடாது. இதனை ‘முப்பது – முப்பது விதி’ என்பார்கள்.

விதி நல்லதுதான். ஆனால் கச்சேரித் திடலில் இதைக் கடைப்பிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஒலிபெருக்கிகளின் அருகில் ஓசை நூறு டெசிபெல்லை எட்டுகிறது. டிரம்ஸ் ஒலிக்கும்போது தொலைதூர இடி எப்படிக் கேட்கும்? மேடையின் வண்ண விளக்குகள் வெட்டிவெட்டி ஒளிரும்போது மின்னலை எப்படிப் பிரித்தறிவது? அமைதியான வயல்வெளியில்கூட இடியோசை ஏறத்தாழ 15 கிலோமீட்டருக்கு அப்பால் கேட்பதில்லை. தரையையொட்டிய காற்று சூடாகவும் மேற்காற்று குளிர்ந்தும் இருப்பதால் ஒலியலைகள் மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடுகின்றன. ஆகவே ‘இடி கேட்டுவிட்டது’ என்றாலே நாம் மின்னலின் எல்லைக்குள் வந்துவிட்டோம் என்று பொருள். கச்சேரியின் நடுவே, பாட்டையும் மீறி இடி கேட்கிறது என்றால் அது இன்னும் நெருங்கிவிட்டது.

இதற்கு எளிய வழி உண்டு. விழாக் குழுவினர் ஒருவரைத் திடலுக்கு வெளியே, ஓசையும் வெளிச்சமும் குறைந்த இடத்தில், மேற்கு வானத்தைப் பார்த்தபடி நிறுத்தி வைக்கலாம். அவர் கையில் ஒரு செல்பேசி போதும். சென்னை மண்டல வானிலை மையம் மாவட்ட வாரியாக அடுத்த மூன்று மணி நேரத்துக்கான எச்சரிக்கையை வெளியிடுகிறது. இந்தியாவின் முதல் டாப்ளர் வானிலை ரேடார் 2002-இல் சென்னையில்தான் நிறுவப்பட்டது. இத்தகைய ரேடார்களின் படங்களை வானிலைத் துறையின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ என்னும் செயலி, சுற்றுவட்டாரத்தில் மின்னல் விழுவதை அறிவிக்கிறது.

எங்கே ஒதுங்குவது?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் மின்னல் தாக்கி 2,887 பேர் இறந்தனர். இவ்வாறு இறப்போர் எல்லோருக்கும் மின்னல் நேராகத் தலையில் விழுவதில்லை. மின்னல் ஒரு மரத்தில் இறங்கினால் அதன் ஒரு பகுதி அருகில் நிற்பவர்மேல் தாவும். மேலும், தரையில் இறங்கிய மின்சாரம் எல்லாப் பக்கமும் பரவுகிறது. இறங்கிய இடத்துக்கு அருகில் மின்னழுத்தம் மிகுதி. தள்ளிப் போகப்போகக் குறைவு. ஒருவர் கால்களை அகட்டி நின்றால், ஒரு காலடியில் ஓர் அழுத்தமும் மறுகாலடியில் வேறோர் அழுத்தமும் இருக்கும். அந்த வேறுபாடு கால்வழியே மின்சாரத்தை உடலுக்குள் ஏற்றிவிடும். முன்காலும் பின்காலும் அகன்றுள்ள மாடுகள் கூட்டமாக இறப்பது இதனால்தான். 2016 ஜூனில் ஜெர்மனியின் மெண்டிக் நகரில் நடந்த ‘ராக் அம் ரிங்’ என்னும் ராக் இசை விழாவில் மின்னலால் 70-க்கு மேற்பட்டோர் காயமடைந்தனர். விழாவும் பாதியில் முடிக்கப்பட்டது.

ஆகவே திடலோரத்துப் பனைமரம், புளியமரம், ஷாமியானா, இரும்புக் கம்பம், மேடையின் அடிப்பகுதி ஆகியவை ஒதுங்கத் தகுந்த இடங்கள் ஆகா. கான்கிரீட் கூரையுள்ள பள்ளிக்கூடம், சமுதாயக் கூடம், வீடு ஆகியவை நல்லவை. கதவு மூடிய பேருந்து, வேன், கார் ஆகியவையும் நல்லவையே. உலோகக் கூண்டின் வெளிப்புறமாகவே மின்சாரம் ஓடித் தரையிறங்கும், உள்ளிருப்போரைத் தொடாது. ஆலைத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் சாலையோரம் நின்றால் அவை தக்க புகலிடம். ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும் இதில் சேரா. ரப்பர்ச் செருப்பு மின்னலைத் தடுக்கும் என்பதும், செல்பேசி மின்னலை ஈர்க்கும் என்பதும் தவறான எண்ணங்கள்.

மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்கியிருப்பதில்லை. அவரைத் தயக்கமின்றித் தொடலாம். மூச்சும் நாடியும் நின்றிருந்தால் உடனே மார்பின் நடுவில் விட்டுவிட்டு அழுத்தத் தொடங்க வேண்டும். அதே நேரத்தில் மற்றொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். அந்த முதல் சில நிமிடங்களில் உயிரை மீட்க முடியும்.

நனைந்த மைக்

1969 ஆகஸ்டு 15 முதல் 18 வரை நியூயார்க் மாநிலத்தின் பெத்தல் என்னும் ஊரில், ஒரு பால்பண்ணை நிலத்தில் நடந்த வுட்ஸ்டாக் விழாவை ராக் இசை உலகம் இன்றும் மறக்கவில்லை. கட்டண விழாவாகத்தான் திட்டமிட்டார்கள். வேலி போட்டு முடிக்குமுன்பே கூட்டம் வந்து குவிந்ததால் அது இலவச விழாவாயிற்று. நான்கு இலட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். ஞாயிறு பிற்பகலில் காற்றோடு பெருமழை பிடித்துக்கொண்டது. ஒலிபெருக்கிக் கோபுரங்களில் ஏறியிருந்தவர்களை இறங்கச் சொல்லி மேடையிலிருந்து கெஞ்சினார்கள். சில மணி நேரம் இசை நின்றது. முந்தைய இரவிலேயே ஈர மேடையில் கருவிகளைத் தொட்ட சில கலைஞர்களுக்கு மின்னதிர்ச்சி ஏற்பட்டிருந்தது.

ஏன் அப்படி? கிதாரின் உலோகத் தந்திகள் ஆம்ப்ளிஃபையரின் தரையிணைப்போடு சேர்ந்திருக்கும். மைக்கின் உலோக உறை ஒலிபெருக்கி அமைப்பின் தரையிணைப்போடு சேர்ந்திருக்கும். ஒன்றை ஜெனரேட்டரிலும் மற்றொன்றைத் தெருக்கம்பத்திலும் இணைத்திருந்தாலோ, ஒன்றில் தரையிணைப்பு அறுந்திருந்தாலோ, இரண்டுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு உண்டாகலாம். கலைஞரின் விரல் தந்தியில், உதடு மைக்கில். சுற்று பூர்த்தியாகிவிடுகிறது! 1972 மே 3-ஆம் நாள் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகரில் லெஸ் ஹார்வி என்னும் கிதார்க் கலைஞர், தரையிணைப்பு இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். அது கூரைக்குக் கீழ் நடந்த நிகழ்ச்சி. ஈர மேடையில் ஆபத்து எவ்வளவு பெருகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உலர்ந்த தோலின் மின்தடை பல்லாயிரம் ஓம். நனைந்தால் உடலின் மொத்தத் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட்டை ஆயிரத்தால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். பத்து மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே பிடித்த கம்பியை விட முடியாமல் கைத்தசை இறுகிவிடும். ஐம்பதைத் தாண்டினால் இதயத்தின் துடிப்பே தாறுமாறாகலாம். பியூஸ் இருக்கிறதே என்று எண்ண வேண்டாம். ஐந்து ஆம்பியர் பியூஸ் போவதற்கு 5,000 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். அது கம்பியைக் காக்கும், மனிதனைக் காக்காது. மனிதனைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுமின் காப்பான். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இல்லாமல் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலும், நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் அது இணைப்பைத் துண்டித்துவிடும். மைக் செட்டுக்கும் சீரியல் விளக்குகளுக்கும் இதைப் பொருத்தாமல் திடலில் மின்சாரம் கொடுக்கக் கூடாது.

பார்வையாளர்களுக்கும் இதில் பங்குண்டு. டேப் சுற்றி இணைத்த வயர்கள் குட்டையில் கிடந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். சீரியல் விளக்கு கட்டிய இரும்புக் கம்பத்தில் சாயாதீர்கள். திருவள்ளூர் மாவட்டத்தில் அனல்மின் நிலையங்களிலிருந்தும் தொழிற்பேட்டைகளுக்கும் செல்லும் உயரழுத்தக் கம்பிகள் பல ஊர்களின் மேலே ஓடுகின்றன. அவற்றின் கீழே மேடையோ விளக்குக் கோபுரமோ அமைக்கலாகாது. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் கோயில் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டுப் பதினொருவர் இறந்ததை நாம் மறக்க முடியாது.

கூட்டம் ஓடினால்

2023 நவம்பர் 25-ஆம் நாள் மாலை, கேரளத்தின் களமசேரியிலுள்ள கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மாணவர் விழாவையொட்டி ஓர் இசை நிகழ்ச்சி. இடம் திறந்தவெளி அரங்கம். உள்ளே போகச் செங்குத்தான படிகளில் இறங்க வேண்டும். வாயிலுக்கு வெளியே பெருங்கூட்டம் காத்திருந்தது. மழை பெய்யத் தொடங்க, வெளியே நின்றவர்கள் முண்டியடித்து உள்ளே நுழைய, படிகளில் முன்னே சென்றவர்கள் விழுந்தார்கள். அவர்கள்மேல் பின்னால் வந்தவர்கள் விழுந்தார்கள். நால்வர் இறந்தனர், 60-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். பெய்தது சாதாரண மழைதான். சில நிமிடம் நனைந்திருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

மழையின் தனித்தன்மை, அது எல்லோரையும் ஒரே நொடியில் எழுப்பிவிடுகிறது என்பதே. நிகழ்ச்சி முடிந்து கலையும்போது மக்கள் சிறிது சிறிதாகப் போவார்கள். மழையிலோ எல்லோரும் ஒரே வாயிலை நோக்கித் தலையைக் குனிந்தபடி ஓடுகிறார்கள். பின்னால் தள்ளுபவருக்கு முன்னால் ஒருவர் விழுந்தது தெரியாது. ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் நிற்கும்வரை அவரவர் விருப்பப்படி அசைய முடியும். ஆறு, ஏழு பேர் என்றாகிவிட்டால் கூட்டம் நீர்போல அலையடிக்கிறது. அப்போது தனி மனிதரின் வலிமை பயன்படுவதில்லை. நெரிசலில் இறப்போர் பெரும்பாலும் மிதிபட்டு இறப்பதில்லை. மார்பு விரிய இடமின்றி மூச்சடைத்தே இறக்கிறார்கள்.

பிரிட்டனில் விளையாட்டரங்குகளுக்கு வகுத்துள்ள கணக்கு ஒன்று உண்டு. ஒரு மீட்டர் அகலமுள்ள சமதள வழியில் நிமிடத்துக்கு 82 பேரும், படிக்கட்டில் 66 பேரும் கடக்கலாம் என்பது அது. நம் திடலில் ஐயாயிரம் பேர் இருப்பதாகக் கொள்வோம். தோரணவாயிலின் அகலம் மூன்று மீட்டர். நிமிடத்துக்கு 246 பேர் வீதம் வெளியேற இருபது நிமிடம் ஆகும். இனி, மேற்கே 15 கிலோமீட்டரில் இடிமழை. அதன் முன்காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. வந்து சேர இருபத்திரண்டு நிமிடம்! முதல் இடி கேட்டவுடன் எழுந்தால்தான் நேரம் ஒருவாறு போதும். குளிர்காற்று வீசிய பிறகு எழுந்தால் போதாது. மழை விழுந்த பிறகு எழுந்தால் நடப்பது ஓட்டமே. திடலின் மற்ற பக்கங்களிலும் வேலியைத் திறந்து இன்னும் இரண்டு வழிகள் விட்டால் இருபது நிமிடம் ஏழு நிமிடமாகச் சுருங்கிவிடும். செலவில்லாத பாதுகாப்பு இது.

நனைந்த உடல்

நம் ஊர் மழையில் விறைத்துப்போவோமா என்று கேட்கலாம். வெப்பநிலை 24, 25 பாகையிலும் நனைந்த துணியோடு காற்றில் நின்றால் உடல் நடுங்குகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். துணியிலுள்ள நீர் அதை நம் உடலிலிருந்து உறிஞ்சுகிறது. எடைக்கு ஒப்பிடுகையில் குழந்தைகளின் உடற்பரப்பு பெரியது. அவர்களே முதலில் குளிர்வார்கள். ஒரு துண்டையும் மாற்றுச் சட்டையையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துச் செல்வது நல்லது. சேற்றில் நின்ற கால்களை வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். எலிச்சிறுநீர் கலந்த தேங்குநீரிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி சிறு புண்களின் வழியே உடலுக்குள் நுழையக்கூடும்.

போகுமுன்னும் போன பின்னும்

கச்சேரிக்குப் போகத்தான் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஊரே கூடும் இரவை மழைக்குப் பயந்து விட்டுவிடச் சொல்லவில்லை. புறப்படுமுன் வானிலை எச்சரிக்கையைப் பாருங்கள். திடலை அடைந்ததும், உட்காருமுன், இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வெளியே போக எத்தனை வழிகள்? மிக அருகிலுள்ள கான்கிரீட் கட்டடம் எது? பேனருக்கும் ஒலிபெருக்கிக் கோபுரத்துக்கும் அவற்றின் உயரத்தைவிடக் கூடுதலான தொலைவில் பாயை விரியுங்கள். பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்பதை வீட்டாரிடம் சொல்லி வையுங்கள். ஆடி, ஆவணியில் மேற்கு வானத்தைக் கவனியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெரும்பாலும் கடற்பக்கத்திலிருந்து வரும்.

விழாக் குழுவினர் செய்ய வேண்டியது இன்னும் முக்கியமானது. யார், எப்போது, எந்த அறிகுறியைக் கண்டு கச்சேரியை நிறுத்துவது என்பதைக் காலையிலேயே முடிவு செய்துவிட வேண்டும். ‘முதல் இடி கேட்டால் பாட்டு நிற்கும், மின்சாரம் துண்டிக்கப்படும், பள்ளிக்கூடக் கதவு திறக்கும், அரைமணி நேரம் அமைதி, பிறகு மீண்டும் பாட்டு’ என்று விழாத் தொடக்கத்திலேயே மைக்கில் அறிவித்துவிட்டால் போதும். மக்கள் முணுமுணுக்கலாம். ஆனால் தனி இடிமுகில் ஒன்றின் ஆயுள் ஒருமணி நேரம்தான் என்பதை மேலே கண்டோம். பல இரவுகளில் பத்து மணிக்குள் அது கடலுக்குப் போய்விடும். ஈரமான இருக்கைகளைத் துடைத்துவிட்டு, வயர்களைச் சோதித்துவிட்டு, கச்சேரியைத் தொடரலாம்.